புது போன் வேண்டாம் சார்!

"புதுசா வந்திருக்கே, அந்த போனை வாங்கிடலாம்னு இருக்கேன் சார்" என்றார் கேஷியர், வீடு திரும்பும் பஸ்ஸில்.

தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வரும் ஸ்டோர்கீப்பர் பதறிப்போனார். "ஐயையோ! வந்த உடனேயா வாங்குவாங்க? முதல்ல வர்றதை எல்லாம் நம்ம தலையிலதான் கட்டிச் சோதிச்சுப் பார்ப்பானுங்க. சூடேறினா அதை வெச்சுச் சட்டைக்கு இஸ்திரி போடலாம்!"

"கேமரா பிரமாதமாம் சார்."

"நம்ம மூஞ்சிக்கு இருக்கிறது போதாதா?"

அவர் அடுக்கிய காரணங்களைக் கேட்டிருந்தால், அந்த போனைச் செய்தவனே கம்பெனியை மூடிவிட்டுச் சாமியாராகப் போயிருப்பான்.

"ஒரே ஒரு வசதிக்காகத்தான் சார் ஆசைப்படறேன். பக்கத்துல இருக்கிறவங்க எட்டிப் பார்த்தா, திரை கறுப்பாத்தான் தெரியுமாம்."

"அதெல்லாம் எதுக்கு? உங்க வீட்டம்மாவே பழசே போதும்னு சொல்றாங்களே!"

கேஷியர் மெதுவாகத் திரும்பினார். "அவ இப்பதானே சார் மெசேஜ்ல சொன்னா?"

வருஷக்கணக்கில் அந்த வீட்டின் சண்டை, சமாதானம், சர்க்கரை அளவு எல்லாவற்றையும் ஓசியில் படித்து வந்த ஸ்டோர்கீப்பர், சீட்டுக்கு அடியில் புகுந்துகொள்ள இடம் தேடினார்.

"சரி சார், வாங்கலை" என்ற கேஷியர், பழைய போனில் எதையோ தட்டினார். எழுத்துகள் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாயின. பிறகு மனைவிக்கு ஏதோ அனுப்பினார். ஸ்டோர்கீப்பர் வெட்கத்தோடு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பாழாய்ப்போன கண் கேட்டால்தானே! வீட்டிலிருந்து வந்த பதிலை முதலில் படித்தது அவர்தான்.

'அண்ணனுக்கு இனிமே கழுத்து வலிக்காதுல்ல?'