நுவரெலியாவுக்கு நாலு நாள்

மேற்கு மாம்பலத்தில் சுப்பராமன் வீட்டுக் கூடத்தில் கூடி, நண்பர்களின் இரண்டு குடும்பமும் இலங்கை மலையூரான நுவரெலியாவுக்கு நாள் குறித்தார்கள். திடீரென்று சுப்பராமன் பின்வாங்கினான்.

“மலை ஏறப்படாது, கடல் தாண்டப்படாது. வாத்தியார் சொல்லிட்டார்.”

“சீ! நீயாடா சாஸ்திரம் பேசறே?” என்று முகம் சுளித்தான் நண்பன் ரமணன்.

“நன்னா இருக்கு! கெஞ்சி வாங்கின லீவு. கேக்கவே குமட்டறது,” என்றாள் சுப்பராமனின் மனைவி சாருலதா.

ரமணனின் மனைவி ஜானு மட்டும் சிரித்தாள். “ஆத்துக்காரி உண்டாகியிருந்தாத்தானே ஆம்பளைக்கு அந்த ரெண்டும் ஆகாதும்பா! சாரு, எத்தனை மாசம்டீ? எங்கிட்டகூட மறைச்சுட்டியே!”

சுப்பராமன் தலையைக் குனிந்துகொண்டான். சாருலதா அவனைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

“எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தே மூணு வருஷம் ஆச்சு, ஜானு. எத்தனை மாசம்னு அவரையே கேளு.”