ஏழு பாயிண்ட் ரத்தம்

“டேய் முத்து, எழுந்து போய் படகுல குந்துடா! வலையை அவனுங்க இழுக்கட்டும், நீ சும்மா குந்திக்கினு வந்தா போதும்!”

வாசலில் நின்று கத்தினாள் நாகம்மாள், முத்துராஜின் அக்கா.

மாலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷனுக்குச் சிறுநீரகம் பழுது. ரத்தம் ஏழு பாயிண்ட்தான். நாலு எட்டு வைத்தால் மூச்சு இரைக்கிறது. உதடு, நகமெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. ஏரியில் இறங்குவது ஒன்றுதான் குறைச்சல்!

“உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா அண்ணி? நர்சம்மா இன்னா சொல்லிச்சு? ரத்தம் ஊறச் சொல்லி எலும்புக்குத் தகவல் அனுப்பறதே கிட்னிதானாம். அதுவே படுத்துக்கிச்சு. வாராவாரம் ஊசி போட்டாத்தான் ஏறுமாம். ரெண்டு மாசம் ஆவும்.”

“ஊசியும் போடு. ஆனா பாடு மட்டும் விட்டுடாதே, சொல்ட்டேன்.”

பாடு என்பது முறை. இறால் விழும் இடத்தில் மாசத்துக்கு ஒரு நாள் அவர்கள் குடும்பத்துக்கு. தொடர்ந்து மூன்று முறை படகில் கால் வைக்காதவன் பேரை அடித்துவிட்டு, காத்திருப்பவன் பேரை எழுதிவிடுவார்கள். அது குப்பத்துச் சட்டம். போன பேர் போனதுதான், பிள்ளைகளுக்கும் கிடையாது.

நல்லவேளை, தலைவர் சின்னதம்பி தங்கமான மனுஷர்.

“நோயாளிக்கு இன்னாம்மா சட்டம்? நான் மனுஷன் இல்லியா? அவன் படுக்கட்டும். பஞ்சாயத்துல நான் பேசிக்கிறேன்” என்று கண் கலங்கிச் சொன்னார்.

சோதனை மாசத்துக்கு ஒரு தடவைதான். அவரோ வாரம் தவறாமல் வந்து, “ரத்தம் இப்போ எவ்ளோம்மா?” என்று விசாரித்தார். ஏழு, ஏழரை என்றதும் உச்சுக்கொட்டினார். கூடப் பிறந்தவளுக்கு இல்லாத கரிசனம்!

இரண்டு பாடு போயிற்று. நாகம்மாள் தலையில் அடித்துக்கொண்டதுதான் மிச்சம். மாலா அசையவில்லை.

ஊசி வேலை செய்தது. இந்த மாசச் சோதனையில் பத்து பாயிண்ட். முத்துராஜ் யார் தோளையும் பிடிக்காமல் தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தான். மாலாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் மூன்றாவது பாடு. நல்ல சேதியை முதலில் தலைவரிடம்தான் சொல்லவேண்டும் என்று ஓடினாள். தலைவரின் மருமகன் முற்றத்தில் உட்கார்ந்து புது வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தான்.

“தலைவரே, ரத்தம் பத்து ஆயிடுச்சு! நாளைக்குப் பாடு எறங்க அவரே வர்றாரு!”

தலைவர் முகம் செத்துப்போயிற்று.

“பத்தா? போன மாசம் ஏழரைன்னியே! மிஷினு தப்பா காட்டியிருக்கும்மா. அவசரப்படாதே. நாளைக்கு ஒரு நாள் படுக்கட்டும்.”

“இல்ல தலைவரே, அவரு குந்திக்கினாவது வருவாரு” என்று சிரித்துவிட்டுக் கிளம்பினாள். இரண்டு எட்டு வைத்திருக்கமாட்டாள், பின்னால் தலைவரின் குரல் கேட்டது.

“மாப்ளே, ஈயம் கட்டறதை நிறுத்து. உனக்குப் பாடு இல்ல. பாவி, ரத்தம் ஏறித் தொலைச்சிட்டான்!”