பூர்வீகக் காது

சுவரில் பதித்திருந்த பூர்வீகக் காது எந்நேரமும் கேட்டுக்கொண்டிருந்தது. ஐந்து தலைமுறைக்கு முன் குடியேறிய மூதாதையின் ஊர் எதுவென்று பேச்சில் பிடிபட்டால், மொத்தக் குடும்பத்தையும் அந்த ஊருக்கே கப்பலேற்றி விடுவார்கள். எதிர்வீடு இப்போது காலி. அங்கே ஒருவர் தூக்கத்தில் உளறிவிட்டார்.

அதனால் இசக்கியம்மாள் தன் பெயரை நிலா என்று மாற்றிக்கொண்டாள். மகள் மிதுனாவிடம் செய்தி வாசிப்பவளைப் போலத்தான் பேசுவாள். தாலாட்டுக்கூடப் பாடியதில்லை.

"பால் அருந்திவிட்டாயா, மகளே?"

"அருந்திவிட்டேன், அம்மா."

அடுப்பில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. இசக்கியம்மாள் திரும்பிப் பார்ப்பதற்குள், மிதுனா எக்கி வாணலியின் பிடிக்குக் கை நீட்டிவிட்டாள்.

"ஏட்டி! தொடாதட்டி!"

குழந்தை கையை இழுத்துக்கொண்டது. சுவரில் பச்சை விளக்கு எரிந்தது.

"பூர்வீகம் கிடைத்துவிட்டது. தாமிரபரணிக் கரை. வெள்ளிக்கிழமை கப்பல்" என்றது காது, கனிவாக.

இசக்கியம்மாள் அடுப்பை அணைத்தாள்.

"அம்மா, இப்போது என்ன பேசினீர்கள்?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? மகளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஒன்னத்தாம்ட்டி ஏசுனேன். பயந்துட்டியா, எங்கண்ணு?"

மிதுனா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னொரு முறை ஏசுங்கள், அம்மா."