சிவப்புத் தோணியும் பெரிய தென்னையும்

வரைந்து முடிக்காத கடற்கரை ஓவியம் ஒன்றில், முன்னால் பெரிய தென்னை நின்றது. தூரத்துக் கடலில் எள்ளளவு சிவப்புத் தோணி மிதந்தது.

"ஏய் பொடியா, உன்னை அழித்தால் யாருக்குத் தெரியும்?" என்றது தென்னை.

தோணிக்குப் பகீரென்றது. அந்த நேரம் பார்த்து ஓவியர் எட்ட நின்று, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலால் தோணியை மறைத்துப் பார்த்தார். கடல் களையிழந்தது.

"ஐயையோ, இது வேண்டும்!" என்று விரலை எடுத்தார். பிறகு உள்ளங்கையால் தென்னையை மறைத்தார்.

"அடடா, எவ்வளவு கடல்!"

தூரிகை நீலத்தைத் தொட்டது.

"தம்பி, காப்பாற்று!" என்று தென்னை அலறியது. தோணியால் என்ன செய்ய முடியும்? நீலம் தென்னையை மூடியது; கடைசியில் ஓரத்தில் ஒரு மட்டை மட்டும் மிஞ்சியது.

"பார்த்தாயா, நான் இல்லாமல் அவரால் முடியவில்லை!" என்றது மட்டை.

"ஆமாம் அண்ணே," என்ற தோணி, சிரிப்பில் லேசாக ஆடியது.