குழந்தைத் துணிக்கடைக் கண்ணாடி

இலக்கு நின்றுவிட்டது. அதுவும் எங்கே? குழந்தைகள் துணி விற்கும் கடையின் கண்ணாடி முன்னால். உள்ளே தொங்கிய சாண் அளவுச் சட்டைகளைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் சட்டென்று எதிர்ப்பக்கச் செருப்புக் கடைக்கு ஒதுங்கி, குடையை முகத்துக்கு இறக்கிக்கொண்டாள். வீட்டில் கைக்குழந்தை கிடையாது. கடைக்குட்டியான அவளே கல்லூரியில் இரண்டாம் வருஷம். அப்புறம் அப்பாவுக்கு அங்கே என்ன வேலை?

ஆமாம், அந்த இலக்கு அவளைப் பெற்ற அப்பாதான்.

அவள் படிப்பது பாதுகாப்பு மற்றும் போர்த்திறனியல் பட்டப்படிப்பு. “பாதுகாப்புன்னா என்ன, வாட்ச்மேன் வேலைக்கா?” என்று சித்தப்பா ஒருநாள் கொளுத்திப் போட்டுவிட்டுப் போனார். அப்பா அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

“ஒழுங்கா டி.சி. வாங்கிட்டு காமர்ஸ்ல சேர்ற வழியப் பாரு” என்று குதித்தார். “அப்படி என்னதான் இருக்கு இதுல?” என்று அவளுடைய பாடப் புத்தகம் ஒன்றையும் பிடுங்கிக்கொண்டு போனார். அதோடு சரி. அந்தப் பேச்சையும் எடுக்கவில்லை, புத்தகமும் திரும்பி வரவில்லை.

எதிரி கத்துகிறவரை கவலையில்லை, கத்துவதை நிறுத்தினால்தான் உஷாராக இருக்கவேண்டும் என்று அவளுக்கு வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதற்கேற்ப அப்பா சாயங்காலங்களில் தாமதமாக வர ஆரம்பித்தார். கேட்டால், “ஆபீஸ்ல ஆடிட்டிங்.” அம்மா நம்பினாள். ஆடிட்டிங்குக்கு ஏன் இப்படிச் சீவிச் சிங்காரித்துக்கொண்டு போக வேண்டும் என்று மகளுக்குத்தான் மூக்கில் வேர்த்தது.

அப்பாவின் குட்டு ஒன்று கையில் சிக்கினால் போதும். நீங்கள் டி.சி. பேச்சை எடுக்காதீர்கள், நான் இதை அம்மாவிடம் எடுக்கவில்லை என்று காரியத்தை முடித்துக்கொள்ளலாம். அடிக்காமலே எதிரியை அடக்கி வைக்கும் இந்த வித்தைக்குப் பாடத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது.

ஆளைப் பின்தொடர்வது எப்படி என்று போன வாரம்தான் பேராசிரியர் உளவு பற்றிய பாடத்தில் நடத்தியிருந்தார். நெருங்கக் கூடாது, ஓடக் கூடாது, தெரிந்த அடையாளம் எதுவும் நம்மிடம் இருக்கக் கூடாது. அதற்காகவே தன் கறுப்புக் குடையை விட்டுவிட்டு, தோழியின் கிளிப்பச்சைக் குடையை இரவல் வாங்கி வந்திருந்தாள். தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவளுக்கே பெருமை தாங்கவில்லை. முந்தைய இரண்டு நாளும் அப்பாவைச் சந்தைக் கூட்டத்தில் கோட்டைவிட்டது மட்டும்தான் குறை.

செல்போனில் தோழி கிசுகிசுத்தாள். “என்னடி பண்றார்?”

“குழந்தைச் சட்டை பாக்கறார்டி.”

“வாங்கறாரா?”

“இல்ல. உள்ளகூடப் போகல. சும்மா கண்ணாடியையே பாத்துட்டு நிக்கறார்.”

தோழி குரலை இன்னும் தாழ்த்தி, “அம்மாகிட்ட இப்போதைக்கு எதுவும் சொல்லிடாதே” என்றாள்.

அப்பா நகர்ந்தார். ஒரு சலூன் வாசலில் நின்று, உள்ளே இருந்த பெரிய கண்ணாடியில் தலையைக் கோதிக்கொண்டார். இந்த வயசில் இவருக்கு இது தேவையா என்று பல்லைக் கடித்தபடி அவளும் பின்னாலேயே போனாள்.

அவர் ஒரு சந்தில் புகுந்து, இன்னொரு சந்தில் வெளிப்பட்டு, ஒரு கேட்டுக்குள் நுழைந்தார். அது அவளுடைய கல்லூரியின் பின்பக்க கேட்.

டி.சி. வாங்கத்தான் வந்திருக்கிறார். அவளுக்குத் தெரியாமல், அவளையே கேட்காமல். குழந்தைச் சட்டையே தேவலை என்று ஆகிவிட்டது அவளுக்கு.

அப்பா மாடியேறி, அவள் துறையின் கோடி அறைக்குள் போனார். அவள் கதவருகே ஒளிந்து நின்றாள்.

“வாங்க, வாங்க. உங்களுக்காகத்தான் காத்திருந்தோம்” என்றது பேராசிரியரின் குரல். “என்ன, முடிவு பண்ணியாச்சா?”

“பண்ணியாச்சு சார். இன்னிக்கும் பாத்துட்டேன். இனிமே சந்தேகமே இல்ல.”

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

“டி.சி. குடுத்துடாதீங்க சார். எனக்கு இந்தப் படிப்புதான் வேணும். வாட்ச்மேன் வேலைதான் கிடைக்கும்னாலும் பரவாயில்லப்பா, நான் இதைத்தான் படிப்பேன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். கையில் சாக்பீஸோடு பேராசிரியர், அவருக்குப் பின்னால் கரும்பலகையில் ‘பொதுமக்களுக்கான மாலை நேர வகுப்பு’ என்ற தலைப்பு. எதிரே பெஞ்சுகளில், ஆபீஸ் விட்டு வந்த களைப்போடு பத்துப் பன்னிரண்டு பெரியவர்கள். இரண்டாவது பெஞ்சில் அப்பா. அவர் முன்னால் அவளுடைய அந்தப் புத்தகம், புத்தம் புதிய பழுப்பு அட்டை போட்டு.

“டி.சி.யா? யாருக்குங்க?” என்று பேராசிரியர் அப்பாவைக் கேட்டார்.

அப்பா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுந்து நின்றார்.

“யாருக்கும் வேண்டாம் சார். மூணு நாளா கடைக் கண்ணாடியில பாத்தா என் பின்னாலயே வருதுன்னு சொன்னேனே, பச்சைக் குடை, அது இவதான்.”