பொருந்திவிட்ட குழாய்

அடுக்கு வீட்டின் அடித்தளத்தில், குறுகிய சந்தின் எதிரெதிர்ச் சுவர்களில் ஓடும் இரண்டு குழாய்களை நாற்பத்தைந்து டிகிரிச் சாய்வில் இணைக்க வேண்டும். மதியம் இடைவெளியை அளந்தேன்: முப்பது சென்டிமீட்டர். மாலை நேர பிளம்பிங் வகுப்பில் கற்றபடி 1.414 ஆல் பெருக்கி, அந்த நீளத்துக்குக் குழாயை அறுத்தேன். பிறகுதான் உறைத்தது. இரு முனைகளிலும் எல்போ என்னும் வளைவு இணைப்பு பிடிக்கும் இடத்தை நான் கழிக்கவில்லை. நான்கு சென்டிமீட்டர் அதிகம். பொருந்தவே கூடாது.

அதற்குள் எனக்கு வேலை பழக்கும் பவுல்ராஜ் அண்ணன் அதை மாட்டிவிட்டார். அச்சாகப் பொருந்தியது.

"ஒன்னோட வகுப்புக் கணக்கு பலிச்சிருச்சுடா!"

வழக்கமாகத் தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும். குழாயை மறுபடி அளந்தேன். அதே அதிக நீளம்தான். சந்தேகத்துடன் டேப்பைச் சுவர்களுக்கு இடையே நீட்டினேன். மதியம் முப்பதாக இருந்த இடைவெளி இப்போது முப்பத்து மூன்று; சாய்வில் அதுதான் அந்த நான்கு.

மாடிக்கு ஓடினேன். இடுப்பில் குழந்தையுடன் ஒரு அக்கா கதவைத் திறந்தார்.

"தண்ணி வந்திருச்சா தம்பி?"

"இல்லக்கா. கொழந்தையோட ஒடனே கீழ எறங்குங்க. என் கணக்கு தப்பு."

"அதுக்கு நாங்க எதுக்கு எறங்கணும்?"

"தப்பா அறுத்த பைப்பு பொருந்திடுச்சுக்கா."

முகத்தைச் சுளித்துக்கொண்டு கதவைச் சாத்தினார். அது நிலைச்சட்டத்தோடு பொருந்தவில்லை.