இன்னும் கொஞ்சம் சூடு

ஆனந்தகுமார் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் அது. சூட்டைத் தணிக்க உள்ளே தண்ணீர்க் குழாய் ஓடும். "எப்பப் பாரு கேம்" என்று தினமும் திட்டும் மனைவி காவேரி, இன்று அவன் ஆடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏங்க, ஸ்பீடு இன்னும் ஏத்த முடியுமா?"

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஏற்றினான்.

"சூடு எவ்ளோ காட்டுது?"

"எண்பது டிகிரி. பின்னால விசிறி அத்தனையும் வெளியே தள்ளிடும்."

"பத்தாது. இன்னும் ஏத்துங்க."

"எப்போ இதெல்லாம் கத்துக்கினே?" பெருமையோடு பின்பக்கம் எட்டிப் பார்த்தான்.

விசிறிக்கு எதிரே கட்டிய கொடியில் சாயம் போட்ட பட்டு நூல் தொங்கியது.

"மூணு நாள் மழையில எதுவும் காயல. சாயங்காலம் தறிக்கு நூல் வேணும்," என்றாள் காவேரி. "இன்னும் ரெண்டு கழி நூல் ஈரமா இருக்குது. எழுந்துடாதீங்க, ஆடிக்கினே இருங்க."